நாலாவது மூலை

எங்கள் ஏரிக்கரைத் தெருவில் யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது, எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது, எவர் வீட்டுக்கு எப்போது ஃப்ரிட்ஜ் வந்தது என்று எதைக் கேட்டாலும், அது மங்கைக்கா வீடு எழும்புவதற்கு முன்னாலா, எழும்பியதற்கு அப்புறமா என்றுதான் நாங்கள் திருப்பிக் கேட்போம். எங்களுக்கு அதுதான் காலண்டர், சுவரில் மாட்டியிருப்பதெல்லாம் சும்மா சாமி படம் பார்க்கத்தான். ஏரிக்குள்ளேயே வீட்டைக் கட்டிக்கொண்டு அதற்கு ஏரிக்கரை என்று பேரும் வைத்துக்கொண்ட ஜனங்கள் நாங்கள். அதைச் சொல்லிக் கேலி பண்ண வெளியிலிருந்து யாரும் வர வேண்டாம், நாங்களே நன்றாகப் பண்ணிக்கொள்வோம்.

நாங்கள் குடிவந்த புதிதில் ரோடு எங்கள் வாசல்படிக்குக் கீழேதான் இருந்தது. அப்புறம் ஒரு ரோடு போட்டார்கள், பழையதைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே. தேர்தல் வந்தது என்று ஒரு ரோடு, பைப் புதைத்தோம் என்று ஒரு ரோடு, யாரோ பெரிய மனுஷர் கல்யாணத்துக்கு வருகிறார் என்று ஒரு ரோடு, இப்படித் தோசைமேல் தோசையாக அது ஏறிக்கொண்டே போக, எங்கள் வாசல்படி முதலில் ரோட்டுக்குச் சமமாகி, பிறகு ரோட்டுக்குக் கீழே இறங்கி, கடைசியில் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறிப் போகிற ஆட்களாக நாங்கள் ஆகிவிட்டோம். ரோட்டில் போகிறவர்களின் செருப்புத்தான் எங்கள் ஜன்னலில் தெரியும். செருப்பைப் பார்த்தே இன்னார் போகிறார் என்று சொல்லிவிடுவோம், அவ்வளவு பழக்கம். மழை பெய்தால் மட்டும் சிரிப்பெல்லாம் போய்விடும், ஏனென்றால் ரோட்டுத் தண்ணீர் முழுக்க நேராக எங்கள் அடுப்படிக்குத்தான் வரும்.

மங்கைக்காவின் முழுப்பேர் மங்கையர்க்கரசி. என் வீட்டுக்கு அடுத்த வீடு. ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை; ஆள் ஒல்லி, குரல் மட்டும் வேன் ஹாரனைவிடப் பெரிசு. அக்கா வீட்டுக்காரர் வேதமூர்த்தி மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர், ஒற்றைக் கையால் லீவரைத் தள்ளி ஒரு வீட்டளவு இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கிக் கரையில் வைத்தவர். கீழே நிற்கிற ஆள் கையை உயர்த்தி ஆள்காட்டி விரலால் வானத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டால் 'தூக்கு' என்று அர்த்தம், அந்த வட்டம் இல்லாமல் ஊசியைக்கூடத் தூக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் செய்து காட்டுவார். பக்கவாதம் வந்து அந்த வலது கை விழுந்தது, கூடவே வலது காலும் விழுந்தது. அன்றிலிருந்து ஹாலின் உள்மூலையில் ஒரு இரும்புக் கட்டில், அதில் மாமா.

வீடு எழும்புவதற்கு முந்தின வருஷத்து மழையில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பட்டப்பகலில் தண்ணீர் கட்டிலுக்கு வந்துவிட்டது. அக்கா மாமாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி தூக்கினாள், இரண்டு பேருமாகத் தண்ணீரில் விழுந்தார்கள். பக்கத்துத் தெருப் பையன்கள் நாலைந்து பேர் வந்து, அக்கா வீட்டுக் கதவையே கழற்றி, அதன்மேல் மாமாவைக் கிடத்தித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ரோடேறினார்கள். நல்ல பையன்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களைத் தங்கவைத்த கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற யாரோ ஒருத்தன், "பாடியை எங்கப்பா இறக்கணும்?" என்று கேட்டான். மாமா கண்ணைத் திறக்கவே இல்லை, ஆனால் அவர் காதில் அது விழுந்தது எனக்குத் தெரியும், கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன்.

சாயங்காலம் மண்டபத்தில் எல்லோருக்கும் சாம்பார் சாதம் கொடுத்தபோது மாமா வாயைத் திறந்தார். "அடுத்த வாட்டி தண்ணி வந்தா என்னை விட்டுட்டுப் போயிடு மங்கை. நீயாவது நனையாம இரு."

அக்கா சாதத்தைப் பிசைந்து அவர் வாயில் வைத்தாள். துடைத்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள். "அடுத்த வாட்டி உங்களைத் தொடறதுக்கு ஒருத்தனும் வீட்டுக்குள்ள வர மாட்டான். நீங்க கட்டில்லயே படுத்துக்கிட்டு மழையை வேடிக்கை பாருங்க."

தண்ணீர் வடிந்து, சேற்றை வழித்துக் கழுவி, கதவைத் திரும்ப மாட்டின கையோடு, அக்கா ஹாலில் இருந்த சோபாவைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாள். தெரு முழுக்க அலைந்து காலி பெயிண்ட் பக்கெட்டுகளைச் சேர்த்தாள். கொத்தனார் காத்தமுத்துவைப் பிடித்துச் சிமெண்டும் ஜல்லியும் கலந்து அதில் ஊற்றி, வற்றிப்போன போர்வெல்லிலிருந்து உருவிப் போட்டிருந்த இரும்பு பைப்பின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பக்கெட்டாக நட்டு, பிள்ளைபெற்றவளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி ஈரச் சாக்கு போர்த்தி நனைத்து நனைத்து இறுகவிட்டாள். வெல்டிங் கடை ஷபீர் பாய் பழைய தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டை அறுத்து, பைப்பைத் தோள் உயரத்தில் தாங்குகிற மாதிரி கொக்கி வைத்து இரண்டு கால் நட்டுக் கொடுத்தார். அரிசிச் சாக்கில் ஆற்று மணல், கிரைண்டர் குழவி, தண்ணீர் கேன், காலி கேஸ் சிலிண்டர், எல்லாம் சுவரோரமாக வரிசைக்கு வந்தன. படுத்துக்கொண்டு எடை தூக்க ஒரு பெஞ்ச் வேண்டும் என்றாள். எங்கள் சர்ச்சில் கழித்துக்கட்டிய தேக்கு பெஞ்ச் ஒன்று கிடந்தது, பாதிரியாரிடம் நயந்து பேசி வாங்கிக் கொடுத்தது நான்தான். இதை நான் அடிக்கடி சொல்லுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமாவின் பழைய காக்கி பேண்டைச் சுருக்குக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு, அதற்குமேல் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஃபோனில் ஏதோ ஒரு தேசத்துப் பெண் எடை தூக்குகிற வீடியோவைப் பார்த்து அக்கா பழகினாள். பாஷை புரியாது என்று சத்தத்தை அணைத்துவிட்டு அவள் முட்டியையும் முதுகையும் மட்டும் பார்ப்பாள். திங்கட்கிழமை கால்: பைப்பைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. புதன்கிழமை நெஞ்சும் தோளும்: நான் கொடுத்த பெஞ்சில் படுத்துப் பைப்பை மேலே தள்ளுவது. வெள்ளிக்கிழமை முதுகு: எண்ணெய் தேய்த்துக் குளித்து விளக்கேற்றி முடித்துவிட்டு, முதுகை வளைக்காமல் சிலிண்டரைத் தரையிலிருந்து தூக்குவது. நடுவில் வருகிற நாட்களில் கைகாலை நீட்டி மடக்கி ஒரு நடை, ஞாயிற்றுக்கிழமை சோற்றைத் தின்றுவிட்டுத் தூக்கம், அவ்வளவுதான். எந்த எடை கைக்குச் சுலபமாகிவிட்டதோ அதனோடு ஒரு செங்கல்லைக் கயிறு போட்டுக் கட்டுவாள். அதுவும் சுலபமானால் இன்னொரு செங்கல்.

வேடிக்கை பார்க்காமல் இருப்போமா? அக்கா வீட்டு ஜன்னல் ரோட்டுக்குக் கீழே இருப்பதால், குந்தி உட்கார்ந்தால்தான் உள்ளே தெரியும்; பார்க்க வந்தவர்கள் குந்தி எழுந்து குந்தி எழுந்தே பாதிப் பயிற்சியைச் செய்துவிட்டார்கள். "என்ன மங்கை, ஒலிம்பிக்குக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "ஏய் ஜெயசீலி, வாயைப் பாத்துக்கிட்டு நிக்காத, அந்தச் செங்கல்ல எடு" என்பாள்.

ஆடி மாசத்து ஒரு திங்கட்கிழமை காலையில், பால் பாக்கெட் போட வந்தவர் வழக்கமாகக் குனிந்து வைக்கிற இடத்தில் வைக்கப் போய், வாசல்படியில் விரலை இடித்துக்கொண்டார். படி ஒரு விரல் கனம் மேலே வந்திருந்தது. படி மட்டுமா, சுவர், ஜன்னல், கூரை, மொட்டைமாடியில் காய்கிற துணி எல்லாமே ஒரு விரல் மேலே. வீட்டுக்கு அடியில் மண் தானாகவே ஊறி வந்து நிரம்பியிருந்தது, ஒரு விரிசல் கிடையாது, ஒரு செங்கல் நகரவில்லை. அடுத்த திங்கட்கிழமை இன்னொரு விரல். வீடு எழும்பியதெல்லாம் அக்கா சிமெண்ட் பக்கெட்டோடு மல்லுக்கட்டிய நாட்களில் இல்லை, தின்றுவிட்டுத் தூங்கிய ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இதை அப்போதே நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

ஆச்சரியப்படுவதற்கு எங்களுக்கு நேரம் இருக்கவில்லை, அவ்வளவு வேலை வந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் இழுபடுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டு வளைகிற ஹோஸ் மாட்டினோம். கரண்ட் ஒயர் தொங்குகிறது என்று லைன்மேன் வந்து, அண்ணாந்து பார்த்து, "ஓ, நீங்கதானா அது" என்றுவிட்டு இழுத்துக் கட்டிப் போனார். காத்தமுத்து வாரத்துக்கு ஒரு படி கட்டினார், கட்டி முடித்து டீ குடிக்கும்போதே அடுத்த படிக்கு மணல் சலிப்பார். மழைக்காலத்தில் எதிர்த்துக்கொண்டு வருமே கக்கூஸ் தண்ணீர், அது அக்கா வீட்டில் மட்டும் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அதைப் பார்த்துத்தான் தெருவில் உண்மையான பொறாமையே பிறந்தது. ஜாக்கி வைத்து வீடு தூக்கும் ஆட்கள் கேள்விப்பட்டு, டேப்பும் கையுமாக வந்து, வீட்டைச் சுற்றிச் சுற்றி அளந்து பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்கள்.

"எந்தக் கம்பெனிம்மா இது? யாரைக் கேட்டுத் தூக்கினாங்க?"

"கம்பெனி எல்லாம் இல்ல தம்பி, இதான்" என்று அக்கா தன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ஐயோ, அந்தச் சத்தம் இருக்கிறதே, எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிலர் வாசலில் கற்பூரம் ஏற்றினார்கள், அக்கா துரத்தினாள். "கும்புடாத, உக்காந்து எந்திரி! முட்டி நல்லா இருக்கும்" என்றாள். மேலத்தெருவிலிருந்தெல்லாம் வெற்றிலை பாக்கோடு வந்து, எங்கள் வீட்டையும் கொஞ்சம் தூக்கிக் கொடு என்று கேட்டார்கள். அக்காவும் தட்ட முடியாமல் ஒரு வீட்டில் போய் வேர்க்க வேர்க்கத் தூக்கினாள். அந்த வீடு அசையவில்லை, அக்கா வீடுதான் இன்னும் ஒரு விரல் ஏறியது. அவரவர் வீட்டை அவரவர்தான் என்று தெரிந்துகொண்டு வெற்றிலை பாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

கோளாறு ஒரு எலுமிச்சம்பழத்தில் தெரிந்தது. கண் பட்டுவிடும் என்று நான்தான் ஒரு பழத்தைக் கொண்டுபோய் ஹால் நடுவில் வைத்தேன். எங்கள் மதத்தில் அதெல்லாம் கிடையாது, இருந்தாலும் அக்கா வீட்டுக்கு என்று வரும்போது எதையும் விடக் கூடாது. வைத்த பழம் நிற்கவில்லை. மெதுவாகப் புரண்டு, பெஞ்சைக் கடந்து, பக்கெட்டைச் சுற்றிக்கொண்டு, நேராக மாமாவின் கட்டிலுக்கு அடியில் போய் மூலையில் நின்றது. எடுத்து வேறு இடத்தில் வைத்தேன், அங்கிருந்தும் அங்கேயே போனது.

காத்தமுத்து மட்டக்குழாயில் தண்ணீர் பிடித்து நாலு மூலையும் வைத்துப் பார்த்தார். மூன்று மூலை ரோட்டைத் தொடுகிற உயரத்துக்கு வந்திருந்தன. கட்டில் இருந்த மூலை மட்டும் போன வருஷம் எங்கே இருந்ததோ அங்கேயே கிடந்தது. "மழை வந்தா வீடு முழுக்க இருக்கிற தண்ணியும் இங்கதான் வந்து நிக்கும்" என்றார் காத்தமுத்து, கட்டிலைப் பார்க்காமல். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கட்டில வேற பக்கம் போட்டுப் பாரேன்க்கா" என்று நான் சொன்னேன். போட்டோம். ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது, விட்ட மூலை ஏறிக்கொண்டது. மாமா இருக்கும் மூலைதான் தாழ்ந்த மூலை. திரும்பப் பழைய இடத்துக்கே கட்டிலை இழுத்தபோது மாமா, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொன்னார், அதற்கு அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

புரட்டாசி பிறந்தது, மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது, தெருவே ஆளாளுக்கு யோசனை சொன்னது. அந்த மூலையிலேயே நின்று தூக்கு என்றோம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தூக்கு என்றோம். முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை எதற்குப் படுத்துக் கிடக்க வேண்டும், அந்த நாளையும் சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் ஏறுமே என்றோம். எங்கள் தெருவில் பகலில் ஒரு பொம்பளை படுத்தால் உடம்பு சரியில்லையா என்றுதான் கேட்போம். படுப்பதும் வேலையில் ஒரு பங்கு என்று எங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அக்காவும் எங்களில் ஒருத்திதானே, சரி என்று எல்லாவற்றையும் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓய்வே இல்லாமல் தூக்கினாள், செங்கல்மேல் செங்கல் கட்டினாள். தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. வேன் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தாள். 

அப்புறம் வீடு இறங்கத் தொடங்கியது. காத்தமுத்து கட்டிய கீழ்ப்படி முதலில் பூமிக்குள் போனது, அடுத்தது அதற்கு மேல்படி. நாங்கள் பதறிப்போய், "இன்னும் கொஞ்சம் சேத்துத் தூக்குக்கா!" என்று கத்தினோம். முட்டாள்கள்தான் நாங்கள், என்ன செய்வது! அக்கா பைப்பைத் தோளில் ஏற்றி உட்கார்ந்தாள், எழ முடியவில்லை. பைப்பு பின்னால் இருந்த பெஞ்சின்மேல் சரிந்ததால் பிழைத்தாள். தரையில் உட்கார்ந்து, "இந்த ஒரு மூலை, இந்த ஒரு மூலைதானே, ஏன் வர மாட்டேங்குது" என்று அழுதாள். மண்டபத்தில்கூட அழாதவள்.

மாமா தலையைத் திருப்பினார்.

"மங்கை, இங்க பாரு. கிரேன்ல ஒரு லோடைத் தூக்கினா இறக்கி வெச்சே ஆகணும். இறக்கி வெச்சாதான் அடுத்த லோடு. தூக்கிப் புடிச்சிக்கிட்டே இருந்தா ரோப்பு தாங்காது." இடது கையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். பேசுவதே அவருக்குச் சிரமம், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். "அதோட, என் மூலைய நீ ஏன் தூக்குற? அது என் மூலை. நான் தூக்கிக்கிறேன்."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "விட்டுட்டுப் போன்னு சொன்ன ஆளு" என்றாள்.

"அப்பச் சொன்னேன். இப்ப இல்லன்னு சொல்றேன். போய்ப் படு. ஏம்மா சீலி, உங்க வீட்டுல பழைய சைக்கிள் ட்யூப் இருக்கா?"

இருக்கா என்றா கேட்கிறார்? இல்லாவிட்டால் ஓடுகிற சைக்கிளில் இருந்து உருவிக்கொண்டு வந்திருப்பேன். ஜன்னல் கம்பியில் ட்யூபைக் கட்டி அதன் மறுமுனையை மாமாவின் வலது கையில் சுற்றிவிட்டோம். இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். ட்யூப் அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. முன்பு கப்பல் சரக்கை இறக்கின கை அது, ஒரு ரப்பர்த் துண்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "ம், விடாதீங்க மாமா, அப்படித்தான்!" என்று கத்தினேன். ஷபீர் பாய் கட்டிலுக்குக் குறுக்கே மேலே ஒரு கம்பியை வெல்டிங் வைத்தார், அதைப் பிடித்து எழுந்து உட்காருவதற்கு. ஸ்பாஞ்சைப் பிழிவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அக்காவும் அவள் பழைய ஒழுங்குக்குத் திரும்பினாள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தூக்கம். மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தோம், அதுவே எங்களுக்குப் பெரிய பயிற்சி.

வீடு இறங்குவது நின்றது. பிறகு பழையபடி ஏறியது. ஒரு திங்கட்கிழமை காத்தமுத்து கட்டில் மூலையில் மட்டக்குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். "நூல் அளவு ஏறியிருக்கு" என்றார். அந்த நூல் அளவுக்கு அன்றைக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் பாயசம் வைத்தோம், எங்கள் வீட்டில் கொஞ்சம் முந்திரி கூட.

ஐப்பசியில் அது வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து பெய்து, மதியத்துக்குள் ஏரி எது தெரு எது என்று தெரியாமல் போனது. எங்கள் வீடுகளிலெல்லாம் தண்ணீர் ஏறிவிட்டது, சாமான்களைப் பரணில் போட்டுவிட்டு நாங்கள் ரோட்டில் நின்றோம். அக்கா வீட்டில் மூன்று பக்கமும் காய்ந்து கிடக்க, கட்டில் மூலையில் மட்டும், தரை கழுவின தண்ணீர் வெளியே போகிற சுவரடித் துவாரத்துக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் வந்து நக்கிக்கொண்டிருந்தது. மூலையில் இன்னும் அந்தக் குறை பாக்கி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை அல்லவா, மங்கைக்கா நான் கொடுத்த பெஞ்சில் மல்லாந்து படுத்து அயர்ந்து தூங்குகிறாள்! மாமா கட்டிலில் முழித்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அதே பக்கத்துத் தெருப் பையன்கள் லாரி ட்யூபும் கயிறுமாக ஓடி வந்தார்கள். "படுத்திருக்கிறவரை முதல்ல எடுத்துரலாமா?" என்று ஒருத்தன் வாசலில் கால் வைத்தான்.

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது, கோணல் வாயால் பேசினாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. "யாரும் தொட வேணாம் தம்பி. இன்னிக்கு எங்களுக்கு ரெஸ்ட்டு. சத்தம் போடாம போங்க, அவ தூங்குறா." சொல்லிவிட்டு, மேல்கம்பியை விட்டு, தலையணையைச் சரிபண்ணிக்கொண்டு, அவரும் கண்ணை மூடினார்.

பையன் வைத்த காலை எடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் ஏரிக்கரைத் தெரு செய்ததைத்தான் நான் சாகிறவரைக்கும் பெருமையாகச் சொல்லுவேன். பகலில் படுத்தால் காய்ச்சலா என்று கேட்கிற ஜனம், முட்டியளவு தண்ணீரில் அக்கா வீட்டைச் சுற்றி நின்றுகொண்டு அந்த இரண்டு பேர் தூக்கத்துக்குக் காவல் காத்தது. அழுத குழந்தையை ரோட்டுக் கோடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குரைத்த நாய்க்குப் பிஸ்கட் போட்டார்கள். ஷபீர் பாய்க்குத் தும்மல் வந்து, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய நின்றார். இடி இடித்தபோது எல்லோரும் வானத்தைப் பார்த்து முறைத்தோம். தண்ணீர் துவாரத்தின் உதட்டைத் தொட்டது. நான் மாதாவைக் கூப்பிட்டேன், பக்கத்தில் நின்றவள் மாரியாத்தாவைக் கூப்பிட்டாள், சத்தமில்லாமல்தான். உள்ளே முதலில் அக்கா குறட்டை விட்டாள், அது எங்களுக்குத் தெரிந்த குறட்டை. அதற்குப் பிறகு கட்டில் மூலையிலிருந்து இன்னொரு குறட்டை வந்தது, கனமாக, ஆழமாக, கிரேன் மோட்டார் ஓடுகிற மாதிரி. காத்தமுத்து என் தோளைத் தொட்டுக் கீழே காட்டினார். துவாரம் தண்ணீரை விட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நூல், பிறகு அரை விரல், பிறகு ஒரு விரல், மாமா மூச்சை இழுத்து விட இழுத்து விட அந்த மூலை தண்ணீரிலிருந்து எழுந்து வந்துகொண்டே இருந்தது.

மழை விட்டு அக்கா முழித்து வாசலுக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் தெப்பமாக நனைந்து நின்றோம். "என்னடி எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்றாள். நான் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய எலுமிச்சம்பழத்தை எடுத்து ஹால் நடுவில் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே நின்றது. அக்கா அதைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். காய்ந்த தரையில் இரண்டு காலையும் ஊன்றி, மாமா கட்டில் விளிம்பில் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தார். "காப்பி போடு மங்கை" என்றார்.

அதற்கு அடுத்த வாரமே தெருவில் பெயிண்ட் பக்கெட்டுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. இப்போது ஏரிக்கரைத் தெருவில் எல்லா வீடும் எழும்பி நிற்கிறது. பேசாத அண்ணன் தம்பி இருக்கிற வீடு நடுவில் கொஞ்சம் பள்ளமாக ஏறியது, அவர்கள் பேச ஆரம்பித்ததும் சரியானது. எங்கள் வீடு என் வீட்டுக்காரர் படுக்கிற பக்கம் சாய்ந்திருக்கிறது, அதை இங்கே பேச வேண்டாம், அவருக்கு நான் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள், ஒரு ஈ காக்கை சத்தம் இருக்காது, பொம்பளைகள் எல்லோரும் காலை நீட்டிப் படுத்திருப்போம்.

கோடையில் திரும்பவும் ரோடு போட வந்தார்கள். சுரண்டவில்லை, வழக்கம்போல மேலேயே கொட்டினார்கள். தாரின் புகையும் ரோலரின் சத்தமுமாக அவர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, துடைப்பத்தோடு இறங்கினேன். அக்கா என் கையைப் பிடித்தாள். இரும்புப் பிடி.

"விடு சீலி. ஒரு செங்கல் கூட்டிக் கட்டுறாங்க, அவ்வளவுதான்."

அவளுக்குப் பின்னால் வேதமூர்த்தி மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார், படிகளில் நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வலது கையை, விழுந்த அந்தக் கையை, நடுங்க நடுங்க இடுப்புக்கு, தோளுக்கு, தலைக்குமேலே கொண்டுபோய், ஆள்காட்டி விரலை நீட்டி, வானத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை, கால்களுக்கான நாள். தார் காய்வதற்குள் நாங்கள் எல்லோரும் உள்ளே போய்ப் பைப்பைத் தோளில் ஏற்றிவிட்டோம்.